குனிந்து நுழையும் வாசல்

போப்பாண்டவர் பதினான்காம் ஆசீர்வாதப்பர் கீர்த்திகாவின் மேசைக்கு வந்தது ஒரு புரூஃப் தாளில். சிவகாசியில் பட்டாசுக் கம்பெனியோடு சேர்த்து அவர்கள் நடத்தும் அச்சகத்துக்கு வருஷா வருஷம் தேவாலயங்களிலிருந்து காலண்டர் ஆர்டர் வரும். இந்த வருஷம் அவற்றில் ஒன்றிலிருந்து காலண்டரோடு ஆண்டுவிழா மலரும் வந்திருந்தது. பிழை திருத்துகிறவர் லீவில் போயிருந்ததால், கணவன் ஸ்ரீராம்குமார் புரூஃப் கட்டைக் கொண்டுவந்து விருதுநகர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் போட்டான்.

"எம்.ஏ. ஹிஸ்டரிதான? சும்மாதான இருக்க, பாத்துக் குடு."

அவள் சும்மா இருக்கவில்லை. மாடியறையில் வட்ட விளக்கைப் பொருத்தி வைத்து, வாரம் ஒரு முறை மூன்று நிமிடத்துக்கு ஒரு வரலாற்றுக் கதை சொல்லி இணையத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டில் அதைப் பார்ப்பவர் யாருமில்லை. முகம் தெரியாத கொஞ்சம் பேர் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் "உங்க குரல் கேட்டா நல்லாருக்கு" என்று எழுதியதை அவள் ஒரு நாள் முழுக்க மனசுக்குள் வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் யாரும் அவள் குரலைப் பற்றி எதுவும் சொன்னதில்லை.

மலரில் பழைய மதுரை மிஷனைப் பற்றி ஒரு கட்டுரை இருந்தது. முன்னூறு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பக்கம் வந்த வெள்ளைக்காரப் பாதிரியார்களில் பலர் மேல்சாதிக்காரர்களைப் போலவே வாழ்ந்தார்களாம். சேரிக் குடிசைக்குள் கால் வைத்தால் மற்ற சாதிக்காரர்கள் விலகிப் போய்விடுவார்கள் என்று பயந்தார்கள். சேரியில் ஒருவர் சாகக் கிடந்தால் கடைசி ஜெபம் சொல்ல அவர்கள் உள்ளே போவதில்லை. சாகிறவரைத் தூக்கிக்கொண்டு வந்து வெளியே எங்காவது வைக்க வேண்டும், பாதிரியார் அங்கே வந்து சொல்லிவிட்டுப் போவார். இந்தப் புகார் கப்பலேறி ரோமுக்குப் போனது. பல வருஷ வழக்காடலுக்குப் பிறகு, 1744இல், போப்பாண்டவராக இருந்த பதினான்காம் ஆசீர்வாதப்பர் உறுதியாகச் சொல்லிவிட்டார்: வீட்டுக்குள் போக வேண்டும்.

கூடவே அவர் படமும் இருந்தது. கொழுத்த கன்னம், இப்போது சிரித்துவிடுவார் போல ஒரு வாய். கீர்த்திகாவுக்கு அவரைப் பிடித்துப்போனது.

அடுத்த பத்தி வேறு மாதிரி இருந்தது. உள்ளே போக முடியாது என்று பாதிரியார்கள் மன்றாடியதில், சேரிக்கென்று தனியாகச் சில பாதிரியார்களை வைத்துக்கொள்ளும் யோசனைக்கு அவரே சம்மதித்துவிட்டார். அந்தச் சிலர் உள்ளே போவார்கள், மற்றவர்கள் போக வேண்டாம். கீர்த்திகா அந்தப் பத்தியில் ஒரே ஒரு ஒற்றெழுத்தைத் திருத்தினாள். வீடியோவில் அதைச் சேர்க்கவில்லை. மூன்று நிமிடத்தில் ஒரு மனிதர் ஒரு நல்ல காரியத்தைத்தான் செய்ய முடியும்.

'சாகக் கிடந்தவரின் வாசலில் குனியச் சொன்ன போப்' என்று தலைப்பு வைத்தாள். கடைசியில் கண்ணைக் கேமராவுக்கு நேராக வைத்து, "உள்ளே போங்க. அவ்வளவுதான் அவர் சொன்னது. உள்ளே போங்க" என்று முடித்தாள்.

அது ஓடியது. ஏன் ஓடியதென்று அவளுக்கே தெரியவில்லை. முன்பு அவள் போட்டதையெல்லாம் கூட்டினாலும் அதில் பாதி வராது. திருச்சியிலிருந்து ஒரு கன்னியாஸ்திரி வாழ்த்தினார். துபாயிலிருந்து ஒருவர் அழுதுவிட்டதாக எழுதினார். மாமனார் கனகசபாபதிகூடச் சாப்பிடும்போது தலையைத் தூக்கி, "வடக்கே நம்ம ஏஜெண்டு ஒருத்தர் அனுப்பிச்சாரு. நீதானாமே?" என்று கேட்டார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவள் பல வருஷம் காத்திருந்திருக்கிறாள் என்பது கேட்ட பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

பிறகு, மோட்டார்சைக்கிளை முகப்படமாக வைத்திருந்த யாரோ ஒருவன் கீழே எழுதினான்.

"சூப்பர் மேடம். ஒங்க பட்டாசுக் கம்பெனி ஆளுக வீட்டுக்குள்ள நீங்க என்னைக்காவது போயிருக்கீகளா?"

கம்பெனியைப் பற்றி அவள் எங்கும் சொன்னதில்லை. ஊர்க்காரன்தான். அந்தக் கேள்விக்கு விழுந்த விருப்பக்குறிகள் மற்றவற்றைத் தாண்டி மேலே போயின. பார்க்க வருகிறவர்கள் எல்லாம் முதலில் அதைத்தான் பார்த்தார்கள். "பதில் சொல்லுங்க மேடம்" என்று அதற்குக் கீழே வரிசை கட்டினார்கள்.

ஸ்ரீராம்குமார் படித்துவிட்டுச் சிரித்தான். "ஒரு காலத்துல நம்ம பாட்டன்மாரையே கோயிலுக்குள்ள விட மாட்டேன்னு அடிச்சுத் தொரத்துனாக. அதச் சொல்லு அவன்ட்ட."

நல்ல பதிலாகத்தான் பட்டது. தட்டச்சு செய்தாள். கேட்ட கேள்விக்கு அது பதிலில்லை என்று தெரிந்ததும் அழித்தாள். குளிக்கும்போதும் சமையலறையில் நிற்கும்போதும் அந்தக் கேள்வி கூடவே வந்தது. அவளை வதைத்தது குற்ற உணர்வு இல்லை. அப்படியிருந்தால் நன்றாக இருக்குமே என்று அவளே ஆசைப்பட்டாள். இப்போதுதான் கிடைத்த ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம்தான் அது.

கருப்பம்மாளின் ஞாபகம் அப்போதுதான் வந்தது.

கருப்பம்மாள் தாயில்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் அவர்கள் பட்டாசு யூனிட்டில் வெடிக்குழாய்களுக்கு மருந்து செலுத்துகிறவள். ஆர்டர் நெருக்கடியான ஒரு நாளில் அறைக்குள் தீப்பிடித்து, முதுகும் இரண்டு கைகளும் வெந்துபோயின. பெரிய ஆஸ்பத்திரியில் வெகுநாள் கிடந்துவிட்டு, இனி வீட்டில் வைத்தே கட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டார்கள். கம்பெனி சார்பில் போர்மேன் சண்முகவேல் ஹார்லிக்ஸும் பழமும் கொண்டுபோய்க் கொடுத்திருந்தார். கீர்த்திகாவுக்கு அவள் முகம் தெரியும். ஆயுதபூஜைக்குப் பொரிப் பொட்டலம் கொடுக்கும்போது ஒரு தடவை, "தாயி, ஒங்களுக்கு இந்த மூக்குத்தி அம்புட்டு எடுப்பா இருக்கு" என்று சொன்னவள்.

கீர்த்திகா சண்முகவேலுக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, கருப்பம்மா அக்காவப் பாக்கப் போகணும். நாளைக்குக் காலைல. நான் வாறேன்னு மட்டும் சொல்லிருங்க. வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

வீட்டுக்குள் போகப்போவதை அவள் வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. சொன்னால் அலங்காரம் செய்துவிடுவார்கள். அவர்கள் எதிர்பாராதபோது அவள் தலையைக் குனிந்து அந்த வாசலுக்குள் நுழைய வேண்டும். அந்த முகங்களில் வரும் திகைப்பு நிஜமாக இருக்க வேண்டும்.

ஏழாயிரம்பண்ணை ரோட்டில் இருந்தது ஊர். சண்முகவேல்தான் காரை ஓட்டினார். இரண்டு பக்கமும் காய்ந்த கரிசல், நடுவில் தள்ளித் தள்ளி நிற்கும் பட்டாசு அறைகள். யூனிட் வேன் ஒன்று ஆட்களை ஏற்றிக்கொண்டு எதிரே போனது. கீர்த்திகா மடியில் போனை வைத்துக்கொண்டு, என்ன பேசுவதென்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் பேசாமல் இருப்பதே நன்றாக இருக்கும் என்று முடிவு செய்தாள்.

கார் தெருவுக்குள் திரும்பியதும் அவள் பார்த்தது, புங்கமரத்தடியில் ஒரு கட்டில்.

தெருவைக் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் கழுவித் துடைத்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதன் மேல் ஒரு துண்டு. ஸ்டூலில் மூடி திறக்காத கலர் சோடா பாட்டில். கட்டிலில் வாழையிலை விரித்து, அதில் கருப்பம்மாள் ஒருக்களித்துக் கிடந்தாள். மேலே ஒரு வெள்ளைவேட்டி. புண்ணில் படாமல் அதை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையில் முறத்தால் ஈ ஓட்டியபடி அவள் மகள் ஓவியா நின்றாள்.

முதலாளி வீட்டு ஆட்கள் துக்கத்துக்கு வந்தாலும் சீக்குக்கு வந்தாலும் அந்த ஊரில் அப்படித்தான். உள்ளே வரமாட்டார்கள். நாற்காலி வெளியே போடவேண்டும், சீல் உடைக்காத பாட்டில் வாங்கி வைக்கவேண்டும். பார்க்க வேண்டியவரை வெளியே கொண்டுவந்து வைக்கவேண்டும். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை.

கருப்பம்மாளின் புருஷன் செல்லச்சாமி தோளில் இருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"வாங்க தாயி, வாங்க. உக்காருங்க. ஏலே, பாட்டில ஒடச்சுக் குடு."

கீர்த்திகாவுக்குள் முதலில் எழுந்தது ஏமாற்றம். அது இவ்வளவு வேகமாக, இவ்வளவு சுத்தமாக எழும் என்று அவள் நினைக்கவில்லை. வந்த வழியெல்லாம் மனசுக்குள் எடுத்துவைத்திருந்த படம் இந்த மரத்தடியில் கலைந்து கிடந்தது. மரத்தடி, வெளியே தூக்கிப் போட்ட நோயாளி. எந்தக் காட்சியை முன்னூறு வருஷத்துக்கு முந்தைய அநியாயம் என்று அவள் உலகத்துக்குச் சொன்னாளோ, அதையே இவர்கள் அவளுக்காக ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள். இதைப் படமெடுத்துப் போட முடியாது.

"ஏன் வெளிய கொண்டுவந்தீக?" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடக் கடுமையாக வந்தது.

"நீங்க வாறீகன்னு போர்மேன் சொன்னாரு தாயி" என்றார் செல்லச்சாமி.

"நான் சொன்னேன், கேட்டாத்தான?" என்று ஓவியா அப்பாவைப் பார்த்துச் சொன்னாள். அவள் பிளஸ்டூ முடித்துவிட்டு அம்மாவைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருந்தாள். "கட்டு கட்ட வார நர்சம்மா என்ன சொல்லிட்டுப் போனாக? அசைக்கக் கூடாது, புழுதி படக் கூடாது, கொசுவலைக்குள்ளேயே வைக்கணும்னாக. இப்பத்தான் முதுகுல தோலு கட்டுது. தூக்கி வாசல் நெலைக்குள்ள சாய்ச்சுக் கொண்டாந்ததுல ஒரு பக்கம் பிஞ்சு போச்சு."

"ஏ, சும்மா இரு புள்ள" என்றார் செல்லச்சாமி. "தாயி உள்ள வருவாகளா? உள்ள ஒரே நாத்தம்."

கருப்பம்மாள் கண்ணைத் திறந்தாள். "சாப்பிட்டீகளா தாயி?" என்றாள்.

கீர்த்திகா அவள் பக்கத்தில் போய் நின்றாள். மூக்கைச் சுளிக்காமல் இருந்தது அவளுக்கே திருப்தியாக இருந்தது. வேட்டியின் ஓரத்தில் மஞ்சளும் சிவப்புமாக ஒரு ஈரம் பரவியிருந்தது.

"உள்ள போயிருவோம்" என்றாள். "இந்த வெயில்ல அக்காவப் போட்டு... நான் உள்ள வந்தே பாக்குறேன். நீங்க அவங்கள உள்ள கொண்டு போங்க."

சண்முகவேல் புரியாமல் பார்த்தார். "இங்கனயே பாத்துட்டுப் போயிருவோம்மா. உள்ள எடமும் இல்ல."

"இல்லண்ணே. உள்ளயே."

ஓவியா முறத்தை நிறுத்தினாள். அவள் மெதுவாகத்தான் பேசினாள்.

"இனித் தூக்க வேண்டாம்க்கா. நீங்க இங்கனயே பாத்துட்டுப் போங்க. நீங்க போனப்பறம் கட்டிலச் சுத்திச் சேலையக் கட்டி, சாயந்தரம் நர்சம்மா வந்து எப்படித் தூக்குறதுன்னு சொன்னப்பறம் உள்ள கொண்டுபோறோம். இன்னொருவாட்டி அந்த நெலைல சாய்ச்சா மொத்தமாப் பிஞ்சிரும்."

அந்த இடத்தில் கீர்த்திகாவுக்கு எல்லாம் தெரிந்தது. பின்னால் பல தடவை அவள் அந்தக் கணத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தாள், தெரியாமல் செய்ததாக ஒரு சின்ன இடமாவது கிடைக்குமா என்று. கிடைக்கவில்லை. அந்தப் பெண் சொன்னது தமிழில் இருந்தது, தெளிவாக இருந்தது. நாற்காலி பக்கத்திலேயே இருந்தது. உட்கார்ந்து, கலரைக் குடித்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். அப்படி வந்தால் மோட்டார்சைக்கிள்காரனின் கேள்வி அப்படியே நிற்கும், அவ்வளவுதான்.

"வெயில்லயும் ஈயிலயும் கெடக்குறதவிட உள்ள போறது நல்லதுதானம்மா" என்றாள் அவள் ஓவியாவிடம். சொல்லும்போது அது உண்மையாகவும் இருந்தது. உண்மையான ஒரு வாக்கியம் கைக்கு வாகாகக் கிடைத்ததில் அவளுக்கு உள்ளூர ஒரு நன்றி.

செல்லச்சாமி ஆட்களைக் கூப்பிட்டார். தாயி உள்ளே வருகிறேன் என்கிறாள். அவர் வாழ்நாளில் இப்படி நடந்ததில்லை. அவர் முகத்தில் அந்தத் திகைப்பு வந்தது. கீர்த்திகா எதிர்பார்த்ததைவிட நிஜமாக.

கீர்த்திகா போனைச் சண்முகவேல் கையில் கொடுத்துவைத்தாள். நாலு பேர் கட்டிலைத் தூக்கினார்கள். ஓவியா அம்மாவின் தலைப்பக்கம் ஓடி, "அம்மா, பல்லக் கடிச்சுக்கோ, பல்லக் கடிச்சுக்கோ" என்றாள். வாசல் குறுகல். கட்டிலை ஒருபுறமாகச் சாய்த்தால்தான் போகும். சாய்த்தார்கள். கருப்பம்மாள் இலையோடு சரிந்தாள். ஒட்டியிருந்தது ஏதோ பிய்ந்து வந்தது. அவள் கத்தவில்லை. முதலாளி வீட்டம்மா முன்னால் கத்தக்கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, தொண்டைக்குள்ளேயே ஒரு சத்தம் வந்து அங்கேயே நின்றது. பூனைக்குட்டி எங்கோ கிணற்றுக்குள் விழுந்ததுபோல.

தூக்கினவர்களில் ஒருவன் வெளியே வந்து, கையைப் பார்த்துவிட்டுச் சுவரில் துடைத்தான்.

கீர்த்திகா சண்முகவேல் பக்கம் திரும்பினாள். "நான் உள்ள நுழையும்போது பின்னாலேருந்து எடுங்கண்ணே. சிவப்புப் பட்டன்."

அவள் குனிந்து நுழைந்தாள். நிலை உண்மையிலேயே தாழ்வு. உள்ளே இருட்டு, மருந்து வாடை, அதற்கடியில் இன்னொரு வாடை. கொசுவலை சுருட்டி மேலே போட்டிருந்தது. கட்டிலோரம் உட்கார்ந்து கருப்பம்மாளின் காலைத் தொட்டாள். தொடுவதற்குக் கால் மட்டும்தான் மிச்சமிருந்தது. அது சூடாக நடுங்கியது.

சண்முகவேல் தலையை உள்ளே நீட்டினார். "சின்னம்மா, பட்டன் சரியா அமுங்கலபோல. ஒண்ணும் ஓடலையே."

அவள் எழுந்து வெளியே போய், மறுபடியும் குனிந்து நுழைந்தாள். இந்த முறை இன்னும் மெதுவாக. செல்லச்சாமி கலர் பாட்டிலை நீட்டினார். அவள் தலையசைத்து மறுத்து, "ஒங்க வீட்டுத் தண்ணி குடுங்க" என்றாள். ஒரு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் வந்தது. அவள் வாய்வைத்துக் குடித்தாள்.

ஓவியா சுவரோரம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. டம்ளர் கீழே வைக்கப்பட்டதும், "எடுத்தாச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

*

வீடியோவில் பேச்சே இல்லை. ஒரு தாழ்ந்த வாசல், குனியும் ஒரு முதுகு, ஒரு பாதத்தின் மேல் ஒரு கை, ஒரு டம்ளர். கடைசியில் போப்பாண்டவரின் படம், சிரிக்கப் போகும் அந்த வாய். போனைக் கையில் வாங்கியபோதே பட்டன் அமுங்கி, மரத்தடிக் கட்டிலைத் தூக்கியதைச் சண்முகவேல் தவறுதலாகக் கொஞ்சம் எடுத்திருந்தார். அதை வெட்டினாள். வெட்டும்போது அந்தச் சத்தம் ஒரு முறை காதில் விழுந்தது. ஒலியை முழுவதுமாக எடுத்துவிட்டு மேலே வீணை போட்டாள்.

முந்தையதைவிட இது பல மடங்கு ஓடியது. மோட்டார்சைக்கிள்காரனின் கேள்விக்குக் கீழே ஆட்கள் இந்த வீடியோவின் இணைப்பைப் போட்டு அவனைக் கேலி செய்தார்கள். ஸ்ரீராம்குமார் அதைக் கம்பெனி குரூப்பில் போட்டான். "விளம்பரத்துக்கு லட்சம் லட்சமாக் குடுத்தாலும் இப்படி வராதுப்பா" என்று அவன் அப்பாவிடம் சொன்னான். அவர் கீர்த்திகாவைப் பார்த்து, "கெட்டிக்காரி" என்றார்.

மோட்டார்சைக்கிள்காரன் மறுபடியும் ஒன்று எழுதினான். "அந்தப் போப் கடைசில என்ன செஞ்சாருன்னும் சொல்லுங்க மேடம். உள்ள போறதுக்குன்னு தனியா ஆள் வச்சாரு. பாதிக் கதைதான் சொல்லியிருக்கீக." அவள் அதை நீக்கினாள். விரல் அதைச் செய்து முடித்த பிறகுதான், நீக்கியது அவதூறு இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

அந்த வாரமே கருப்பம்மாளுக்குக் காய்ச்சல் வந்தது. ஆம்புலன்சில் திரும்பவும் கொண்டுபோனார்கள். புண்ணில் சீழ் பிடித்து இரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்களாம். சண்முகவேல் போனில் சொன்னார். "புழுதி பட்டிருச்சாம்மா. இனி ஒண்ணும் செய்றதுக்கில்லன்னு வீட்டுக்கே அனுப்பிட்டாக."

"எப்படிப் புழுதி பட்டுச்சாம்?" என்று கேட்டாள் கீர்த்திகா.

"ஏழபாழ வீடுதானம்மா" என்றார் சண்முகவேல். அந்தப் பதிலை அவர் அவளுக்காகத் தேடி எடுத்துக்கொடுத்தார் என்று தெரிந்தும் அவள் அதை வாங்கிக்கொண்டாள்.

சாவுச் செய்தி வந்ததும், போகவேண்டியதில்லை, மாலை அனுப்பிவிடலாம் என்றான் ஸ்ரீராம்குமார். ஆனால் வீடியோவுக்குக் கீழே எப்படியோ செய்தி பரவி, "கடைசியாகத் தொட்ட கை" என்று எழுத ஆரம்பித்திருந்தார்கள். நீங்கள் போவீர்கள்தானே என்று கேட்டார்கள். அவள் கிளம்பினாள். இந்த முறை போனைப் பையிலிருந்து எடுக்கக் கூடாது என்று தனக்குத்தானே கட்டளையிட்டுக்கொண்டாள். எதுவும் எடுக்காமல், யாரும் பார்க்காமல், அந்த வாசலில் ஒரு முறை குனிந்து போய்விட்டால் போதும், முன்னால் குனிந்ததும் நிஜமாகிவிடும் என்று ஏதோ ஒரு கணக்கு.

புங்கமரத்தடியில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பறை அடித்துக்கொண்டிருந்தவர்கள் அவளைப் பார்த்ததும் நிறுத்தினார்கள். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலை நோக்கி நடந்தாள்.

உள்ளேயிருந்து ஓவியா வந்தாள். கையில் அந்த பிளாஸ்டிக் நாற்காலி. அதை வாசலுக்கு நேராகப் போடவில்லை. கீர்த்திகாவைத் தாண்டிக் கொண்டுபோய் மரத்தடியில் போட்டு, மேலே ஒரு துண்டை விரித்தாள்.

"உக்காருங்க."

"நான் உள்ள வந்து..."

"உள்ள வர வேண்டாம். குளிப்பாட்டுறதுக்கு அம்மாவ இப்ப வெளிய தூக்கிட்டு வருவாக. இங்கனயே பாத்துக்கோங்க."

குரலில் கோபமே இல்லை. ஏதோ ஒரு வேலையைச் சரியாகச் செய்து முடிக்கிறவளைப் போல இருந்தாள். கீர்த்திகா எல்லோருக்கும் முன்னால் நின்றாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று தோன்றியது. கேட்டால் எதற்கு என்று சொல்ல வேண்டும்.

அவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் உடம்பு முழுக்க ஒரு ஆசுவாசம் பரவியது. வெட்கப்படும் அளவுக்குச் சுகமான ஆசுவாசம். அந்த இருட்டுக்குள், அந்த வாடைக்குள் இனி ஒருபோதும் போக வேண்டியதில்லை. நாற்காலி அவளை ஏற்கெனவே தெரிந்ததுபோல் தாங்கிக்கொண்டது. யாரோ மூடி திறக்காத பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டினார்கள். அவளுக்கு நல்ல தாகம். உடைத்து முழுவதையும் குடித்தாள்.

பைக்குள் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது.

நாலு பேர் கட்டிலோடு வாசலுக்கு வந்தார்கள். நிலையில் முட்டாமலிருக்க அதை ஒருபுறமாகச் சாய்த்தார்கள். பல்லைக் கடித்துக்கொள்ளச் சொல்ல இந்த முறை யாரும் தலைப்பக்கம் ஓடவில்லை. நன்றாகவே சாய்த்தார்கள். எந்தச் சத்தமும் இல்லாமல் கருப்பம்மாள் வெளியே வந்தாள்.